பினாங்கில் ஆறு மணிக்குச் சூரியனாம்!

மேலே உள்ள படம் ஏன் முழுக்கக் கறுப்பாக இருக்கிறது என்று கேட்காதீர்கள். காரணம் கடைசியில் வருகிறது.

பள்ளி விடுமுறையில் தோழி ஸ்டெல்லாவைப் பார்க்க ஈப்போவிலிருந்து பினாங்குக்குக் கிளம்பினேன். பட்டர்வொர்த் வரை ரயில், பிறகு ஃபெரி. கட்டணம் இரண்டு வெள்ளி. அவள் ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள்; கடல்நீரை ஆராயும் தனியார் அலுவலகத்தில் வேலை. "ஊர் சுத்துறது அப்புறம் லா. நாளைக்கு என்கூட கடலுக்கு வா" என்றாள்.

காலை 6.15க்குப் படகுத் துறை. கும்மிருட்டு. பலகையில் கால் தடுக்கி விழப் பார்த்தேன். அப்போது எடுத்த படம்தான் அது.

படகு சேவியர் அண்ணனுடையது. எதிர்க்கரைச் சேற்றில் கெராங் சிப்பி வளர்க்கிறார். சிப்பிக்குத் தீனி கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசி. அது ஒரு நாளில் எவ்வளவு விளைகிறது என்று கணக்கிடத்தான் ஸ்டெல்லா வந்திருந்தாள்.

"விளைச்சல் கம்மின்னு ரிப்போர்ட் போச்சுன்னா, அங்க மண்ணு கொட்டி ரொப்பிடுவாங்க தங்கச்சி. அப்புறம் நான் என்னா பண்றது?" என்றார் அண்ணன்.

ஏழைத் தாண்டித்தான் சூரியன் தலைகாட்டியது. எட்டு மணிக்கு ஸ்டெல்லா தண்ணீர் மொண்டு, அந்த வெயிலில் பாசி எவ்வளவு வேகமாக விளைகிறது என்று அளந்தாள். நாள் முழுக்கக் கடலில் உட்கார்ந்து அளக்க முடியுமா? மீதியைக் கணினியில் ஓடும் கணித மாதிரி (மாடல்) பார்த்துக்கொள்ளும். எட்டு மணிக்கு இவ்வளவு என்றால், வெயில் ஏறி இறங்குவதை வைத்து முழு நாளுக்கும் கணித்துவிடும்.

கரைக்கு வந்து நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் மடிக்கணினியைத் திறந்தாள். விடை பரிதாபமாக வந்தது: விளைச்சல் சொற்பம். எட்டிப் பார்த்தேன். 'உதயம் 6.00, மறைவு 6.00.' எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆறு மணிக்கா? காலையில நான் இருட்டுல விழப் பார்த்தேனே, அது எந்த ஊரு?"

எங்கோ செய்த மாதிரியை அலுவலகம் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறது. மலேசியாவில் நம் கடிகாரம் சூரியனை முந்தி ஓடுவது இருட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கே தெரியும். எட்டு மணிக்கு வெயில் பாதி உச்சத்தைத் தொட்டுவிட்டதாக மாதிரி நம்புகிறது. உண்மையில் அது இளவெயில். இளவெயிலில் விளைந்ததைப் பாதி உச்ச வெயிலில் விளைந்ததாக எடுத்துக்கொண்டால், வளமான தண்ணீரும் வறண்டதாகத்தானே தெரியும்?

ஸ்டெல்லா மேலாளரை அழைத்தாள். "ஒரு மணி நேரம்தானே மா, அதுல என்னா வந்துச்சு? அப்படியே அனுப்பு" என்றார் அவர்.

என்ன வந்ததா? குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சூரியன் எப்போது உதித்தால் என்ன! சேவியர் அண்ணனுக்கு அது சோறு.

ஸ்டெல்லா உதயத்தையும் மறைவையும் திருத்தினாள். விளைச்சல் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. இரண்டு கணக்கையும், நேரம் பதிந்த என் கறுப்புப் படத்தையும் மேலாளருக்கும் அறிக்கை கேட்ட அதிகாரிக்கும் சேர்த்தே அனுப்பினாள். மேலாளரிடமிருந்து ஒரே சொல் வந்தது: "நோட்டட்." அதிகாரி இன்னும் வாய் திறக்கவில்லை.

இங்கே படகில் போக நினைப்பவர்களுக்கு: உச்சி வெயில் ஒரு மணிக்குப் பிறகுதான், தொப்பியைச் சீக்கிரம் கழற்றாதீர்கள். விடியுமுன் போனால் டார்ச் அவசியம்.

மற்றபடி, என் கேமராவில் ஒரு குறையும் இல்லை. அலுவலகக் கணக்குப்படி, அந்தப் படம் எடுக்கும்போது பொழுது விடிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது.