இரண்டு பேருக்கு ஒரே வாட்ச்

என் அக்கா காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். அவளும் மாமாவும் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் இரண்டு மெஷினும் ஒரு ஆளும் நின்றால் இடம் தீர்ந்துவிடும். அதனால் ஒருவர் கடையில் நிற்பார், மற்றவர் வீட்டு வேலை பார்ப்பார். முறை வைத்து மாறிக்கொள்வதாகப் பேர். உண்மையில் தோன்றும்போதெல்லாம் மாறுவார்கள். அக்கா நிற்கும் நேரத்தில் எழுத்துப்பிழையோடு ஒரு மனு வந்தால் போதும், கொண்டுவந்தவருக்குப் பாட்டு விழும். பிறகு அவளே உட்கார்ந்து திருத்தியும் கொடுப்பாள்.

அந்த ஸ்மார்ட் வாட்சை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். மெஷின் இரைச்சலில் கடை போன் அடிப்பது இருவர் காதிலும் விழாது. ஃபைல் அனுப்பியவர்கள் நேரில் வந்து சண்டை போட்டார்கள். கையில் வாட்ச் அதிர்ந்தால் தெரியுமே என்று நினைத்தேன். ஆகவே கடையில் யார் நிற்கிறாரோ அவர் கையில் வாட்ச் இருந்தது.

ஒருநாள் அதில் வேறு மாதிரி செய்தி வந்தது. இரண்டு நாளில் ஐந்து முறை இதயத் துடிப்பு சீராக இல்லை, மருத்துவரைப் பாருங்கள் என்று.

"உங்களுக்குத்தாங்க," என்றாள் அக்கா.

"புதன்கிழமை மத்தியானம் கடையில நின்னது யாரு? நீதானே?" என்றார் மாமா.

"நான் பேங்க்குக்குப் போயிருந்தேன்ல?"

"அது செவ்வாய்க்கிழமை."

அரை நாள் இதிலேயே போயிற்று. கடைசிவரை தீர்ப்பு வரவில்லை.

இதய மருத்துவர் இருவருக்கும் ஈசிஜி எடுத்தார். இரண்டுமே நன்றாக இருந்தன. "வாட்ச் கட்டியிருந்தது யாரு?" என்று கேட்டார். "ரெண்டு பேரும்தான் டாக்டர்," என்றாள் அக்கா. மனுஷர் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்.

"இது வந்து வந்து போற கோளாறு. வர்ற நேரத்துல பிடிச்சாத்தான் உண்டு," என்றார். நாள் முழுக்க மார்பில் ஒட்டிவைத்துத் துடிப்பைப் பதிவுசெய்யும் கருவி அங்கே ஒன்றே ஒன்று. நான்கு வாரம் கழித்துத்தான் முறை வரும். அதுவரை ஒருவரே கழற்றாமல் இரண்டு வாரம் வாட்சைக் கட்டட்டும், பிறகு மற்றவர் கட்டட்டும் என்றார்.

யார் முதலில் என்ற பேச்சே எழவில்லை. மாமாவுக்குத் தொப்பை. மாமாவுக்கு மூக்கின் மேல் கோபம். மாமாவின் அப்பா நெஞ்சுவலியில் போனவர். நான் மாமாவைப் பார்த்தேன், அக்காவும் பார்த்தாள், மாமாவே கையை நீட்டிவிட்டார். மாடிப்படியின் பாதியில் அக்கா நின்று மூச்சு வாங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். "வயசாகுதுல்லடா" என்பாள். நானும் மண்டையை ஆட்டியிருக்கிறேன்.

"இன்னொரு வாட்ச் வாங்கிட்டு வரட்டுமாக்கா?"

"ரெண்டு வாரத்துக்கு எதுக்குடா இன்னொண்ணு? சும்மா இரு."

சும்மா இருந்தேன். என்னை நானே திட்டிக்கொள்ள வேறு காரணம் வேண்டியதில்லை.

பதினோராம் நாள் காலையில் மாமா டீ எடுத்துக்கொண்டு கடைக்குப் போனபோது, அக்கா ஸ்பைரல் கம்பியைத் தாளில் கோத்துக்கொண்டிருந்தாள். கம்பி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவளுக்கு வலது கை வரவில்லை. என்னவோ சொன்னாள், வார்த்தை குழறியது. மாமா டீயைப் போட்டுவிட்டு ஆம்புலன்ஸுக்கும் எனக்கும் போன் செய்தார். நான் போய்ச் சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது.

துடிப்பு தாறுமாறானதில் இதயத்துக்குள் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். இவளுக்குத்தான் ரொம்ப நாளாகவே இருந்திருக்க வேண்டும் என்றார்கள். நான் மாமாவின் மணிக்கட்டைப் பார்த்தேன். நூற்றிருபது என்று காட்டியது. வேகமாக இருந்தது, ஆனால் சீராக இருந்தது. அதைப் பிடுங்கி எறியலாமா என்று வந்தது எனக்கு.

நான்காம் நாள் அக்கா தெளிவாகக் கண் திறந்தாள். பேச்சு வரவில்லை. இடது கையால் துழாவி மாமாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். வாட்சை விரலால் இரண்டு முறை தட்டிவிட்டு, அவர் முகத்தையே பார்த்தாள். நடந்தது தனக்குத்தான் என்பது அவளுக்குப் புரிந்ததா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார் மாமா. "இத்தனை நாள்ல ஒரு தடவகூட வரல."

அக்காவின் உதடு இடது பக்கம் மட்டும் மேலே போனது. நிம்மதியாகச் சிரித்தாள்.

"சிரிக்காதடி," என்று மாமா அழுதார். "தயவு செஞ்சு சிரிக்காத."