ஏழு பேருக்குப் போன கடிதம்

காது மிஷின் விற்கும் கம்பெனியில் மெயில் சர்வரைக் கட்டி மேய்ப்பவள் அவள் ஒருத்திதான். பதினாறு வருஷமாக அவளுக்குப் பேர் தபால்காரம்மா. மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாத அறையில் உத்தியோகம்.

ஒருநாள் மேலாளர் வந்து, "‘உதவி’ன்னு ஒரு முகவரி போடுங்கம்மா. அதுக்குக் கஸ்டமருங்க எழுதுறது ஆபீஸ்ல ஏழு பேருக்குப் போகணும்" என்றார்.

"ஏழு பேருக்குப் போனா ஒருத்தரும் பதில் எழுத மாட்டாங்க சார். அடுத்தவங்க பாத்துப்பாங்கன்னு இருந்துடுவாங்க."

"சொன்னதைச் செய்ங்க."

அந்த மாதிரி முகவரிக்கு ஏலியாஸ் என்று பெயர். அதற்கென்று தனிப் பெட்டி கிடையாது. வந்ததை மற்றவர்களின் பெட்டிகளுக்குத் தள்ளிவிடும். சர்வரின் முகவரிப் பட்டியலில் அது ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரி அவள் உயிரை வாங்கியது. "லீவுல போறேன், என்னை எடுத்துடுங்க" என்பார் ஒருவர். "என்னை ஏன் எடுத்தீங்க?" என்று சண்டைக்கு வருவார் இன்னொருவர்.

இப்படி ஒரு மாதம் ஓடியது. ஒரு சாயங்காலம் அவள் தனியே இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போனால், டிவி தெருக்கோடிவரை அலறியது.

"காது மிஷின் செத்து மூணு வாரம் ஆச்சுடி. ரெண்டு தடவை மெயில் போட்டேன். உங்க ஆபீஸ்ல ஆளே இல்லையா?" என்று கத்தினாள் அம்மா.

"என்கிட்ட சொல்லக் கூடாதாம்மா?" என்று இவளும் காதருகே போய்க் கத்தினாள்.

"எதுக்கு? நான் காசு கொடுத்து வாங்கினது. உன் சிபாரிசு வேணாம்."

மறுநாள் காலை சர்வரின் பதிவுகளைப் புரட்டினாள். இரண்டு கடிதமும் ஏழு பெட்டிக்கும் பிசகில்லாமல் போயிருந்தன. ஒரு பதில்கூட வெளியே போகவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு பெயரையும் அழித்துவிட்டு, மேலாளர் பெயரை மட்டும் போட்டாள்.

மத்தியானம் அவர் எதிரே வந்து நின்றார். "என் பெட்டியில நூத்தி முப்பது மெயில்! என்னம்மா இது?"

"தினமும் வர்றதுதான் சார்."

அவர் குரல் இறங்கியது. "யாரோ ஒரு அம்மா, ‘மூணாவது தடவையா எழுதுறேன், காது கேக்காதது எனக்கா, உங்களுக்கா’ன்னு எழுதியிருக்காங்க."

"எங்கம்மாதான் சார்."

அவர் சாயங்காலமே பழுதுபார்க்கும் பிரிவில் ஓர் அம்மாளை இதற்கென்றே நியமித்தார். பட்டியலில் அந்த அம்மாள் பெயர் மட்டும் ஏறியது.

நாலாம் நாள் அம்மாவுக்குப் புது மிஷின் வந்தது. அதை மாட்டிக்கொண்டு அவள் சொன்ன முதல் வார்த்தை: "ஏன்டி, இந்த வீட்டுல ஃபேன் இவ்வளவு சத்தமாவா ஓடுது? உனக்குக் கேக்கவே இல்லையா?"