ஆரியா என்றால் இறக்கு

போன ஜனவரி முதல் இந்த ஜனவரி வரை பதினோரு வீடியோ கேம்கள் ஆடினேன். நான்கை முடித்தேன். மூன்றைப் பாதியில் விட்டேன். மூன்றை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறேன். மீதி ஒன்று இப்போது இல்லை. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் மற்றவற்றையும் சொல்லாவிட்டால் எனக்குக் கணக்கு உதைக்கும்.

எனக்கு எழுபத்திரண்டு வயது. துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையையும் பெட்டியையும் எண்ணிக் கோடு போடுவது என் வேலை. நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே. ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷமாகியும் கை நிற்கவில்லை. கத்திச் சண்டை கேம் ஒன்றில் முதல் பெரிய அரக்கனிடம் நூற்று நாற்பத்து மூன்று முறை செத்தேன். நோட்டில் இருபத்தெட்டுக் கட்டும் மூன்று கோடும் இருக்கின்றன. நூற்று நாற்பத்து நான்காவது முறை அவன் செத்தான். அதற்குக் கோடு போடவில்லை, தேதி போட்டேன்.

லாரி ஓட்டும் கேம் எனக்குப் பிடித்தது. பனி பெய்யும் ஊர்களில், ஒருவரும் ஹாரன் அடிக்காத சாலைகளில் சரக்கு கொண்டுபோக வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு டிரிப் முடித்திருக்கிறேன். சரக்கு அடிபட்டது ஒன்பது முறை. அதில் நான்கு என் தவறு. மற்ற ஐந்துக்கும் எங்கள் தெருதான் காரணம். திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். வரிசை நகரும்போது சுவர் அதிரும், டி.வி. அதிரும், என் கை தப்பும். வெளியே உண்மை லாரி ஊர்கிறது, உள்ளே பொய் லாரி பள்ளத்தில் விழுகிறது.

விவசாய கேமைப் பாதியில் விட்டுவிட்டேன். மூன்று மாதம் தக்காளி போட்டேன். பூச்சி வரவில்லை, வாடவில்லை, கவலைப்பட ஒன்றும் இல்லை. எனக்கு அது ஒத்துவரவில்லை.

காலை பத்து மணிக்குத்தான் ஆட உட்காருவேன். அதற்கு முன் கேம் பெட்டியைத் துடைக்க வேண்டும். மகன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன பெட்டி அது. பின்பக்கம் நாற்பத்தெட்டுத் துவாரங்கள். எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் கடல் காற்றின் உப்பும் சேர்ந்து அவற்றை அடைக்கும். பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தட்டுவேன். "அந்த ஓட்டைங்களுக்குக் குடுக்கிற கவனத்துல பாதி உங்க சுகர் மாத்திரைக்குக் குடுங்க" என்பாள் என் மனைவி. மாத்திரையும் எண்ணித்தான் வைத்திருக்கிறேன் என்று சொன்னால், "எண்ணுறீங்க, போட மறக்கிறீங்க" என்பாள்.

கேம் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது தொண்ணூறுகளில், மகனுக்காக. டி.வி.யோடு சேர்க்கும் சிறிய பெட்டி, மஞ்சள் நிறக் கேசட். கேசட்டின் மேல் 9999 கேம்கள் என்று அச்சடித்திருந்தது. எனக்குச் சந்தேகம். தீபாவளி லீவில் மகனை நகர்த்திவிட்டு நானே உட்கார்ந்து முதல் அறுநூற்று நாற்பதைத் திறந்து பார்த்தேன். முப்பத்தாறுதான் வேறு வேறு. மற்றவை அதே ஆள், அதே சுவர், அதே வாத்து. பெயர் மட்டும் புதிது. நோட்டோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "சார், நீ கேம் ஆடுனியா, ஆடிட் பண்ணியா?" என்றார். கேசட்டை மாற்றித் தரவில்லை. ஆனால் அந்த முப்பத்தாறையும் அதற்குப் பிறகு நான் விடவில்லை. அந்த வாத்துகள் விழும்போது வந்த கிரீச் சத்தத்தை இன்றைக்கும் என்னால் வாயால் செய்து காட்ட முடியும். மனைவி கேட்க மாட்டாள்.

இனி இல்லாமல் போன கேமுக்கு வருகிறேன்.

அது ஒரு துறைமுகம். இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டும். ஒருவர் கிரேன் மேலே. மற்றவர் கீழே தளத்தில் நின்று, பெட்டி எங்கே இறங்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். மேலே இருப்பவருக்குக் கீழே பாதி தெரியாது. அதனால் காதில் மாட்டும் மைக்கில் பேசிக்கொண்டே ஆட வேண்டும். நான் கீழே. மேலே டிரைவர்.

டிரைவர் என்று நான் சொல்வது என்னோடு துறைமுகத்தில் உண்மையாகவே கிரேன் ஓட்டியவரை. ராயபுரத்துக்காரர். மாதா கோயில் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். மனைவி இறந்த பிறகு மகள் வீட்டோடு ஓசூருக்குப் போய்விட்டார். கூட வேலை பார்த்த ஒருவரின் சாவுக்கு வந்தபோது இந்தக் கேமைப் பற்றி அவரிடம் சொன்னேன். "ரிட்டயர்டு ஆன டிரைவரு திரும்பி பொம்மை கிரேன் ஓட்டணுமா? போ கிளார்க்கு, வேற வேல இல்ல உனக்கு" என்று சிரித்தார். பதினாறு நாள் கழித்து போன் வந்தது. "அந்த விளையாட்டு பேரு இன்னா? மாப்ள வூட்டுப் பொட்டியில வருமா?" நாற்பது வினாடியில் வைத்துவிட்டார்.

முதல் நாள் கேம் ஆங்கிலத்தில் ஏதேதோ சொல்லச் சொன்னது. நான் பழக்கத்தில் "ஆரியா" என்றேன். துறைமுகத்தில் ஆரியா என்றால் இறக்கு. அபேஸ் என்றால் தூக்கு. எந்த மொழி என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மூட்டை கட்டும் கலாசிகள் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம். மேலே பெட்டி அப்படியே நின்றது. பிறகு டிரைவரின் குரல் வந்தது. "அய்ய, எவ்ளோ நாளாச்சு நைனா இதக் கேட்டு! இன்னொருவாட்டி சொல்லு."

"ஆரியா."

"இன்னொருவாட்டி."

"பெட்டி தொங்குது டிரைவரே. முதல்ல இறக்குங்க."

இந்தச் சொல்லால் ஒரு வம்பும் வந்தது. தினமும் பத்தேகால் முதல் பன்னிரண்டு வரை நான் ஜன்னலோரம் உட்கார்ந்து "அபேஸ்! அபேஸ்!" என்று கத்திக்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்கு வெளியே அபேஸ் என்றால் திருட்டு. எதிர் வீட்டம்மா மூன்று நாள் கேட்டுவிட்டு நான்காம் நாள் மனைவியிடம் வந்தார். "இன்னாக்கா, உங்க வூட்ல தெனிக்கும் இன்னாமோ அபேஸ் ஆகிக்கினே கீது? போலீசுக்குச் சொல்லலையா?" மனைவி சிரிக்காமல் பதில் சொன்னாளாம். "காலையில ரெண்டு மணி நேரம் என் புருசன் அபேஸ் ஆயிடறாரு. அவ்ளோதான்."

துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் டிரைவர் மேலே, நான் கீழே. கொக்கி இறங்கும், மூட்டை கட்டுவார்கள், கொக்கி ஏறும். அந்த இடைவெளியில் அவர் கேபின் ஜன்னல் வழியாக ஒரு வரி கத்துவார். அடுத்த கொக்கி வருவதற்குள் நான் ஒரு வரி கத்துவேன். வீட்டு விஷயம், யூனியன் விஷயம், மீன் விஷயம் எல்லாம் அப்படித்தான். ஒரு பேச்சு முடிய ஒரு ஷிப்ட் ஆகும். உர மூட்டை இறங்கிய நாட்களில் கண்ணெரிச்சலோடு தலையைத் தூக்கித் தூக்கிப் பேசியதில் எனக்குக் கழுத்து வலியே வந்தது. இப்போது அந்த வலிகூட நன்றாக இருந்ததாகத்தான் தோன்றுகிறது.

கேமிலும் அப்படியே அமைந்தது. பெட்டி மேலே போய்க்கொண்டிருக்கும்போது யாரும் பேசாவிட்டாலும் குற்றமில்லை. ஒரு நாள் பெட்டி பாதியில் இருக்கையில், "இன்னிக்கு அவ பொறந்த நாளு" என்றார். பெட்டி திரும்பியது. "ஆரியா" என்றேன். இறக்கினார். கோணாமல் உட்கார்ந்தது. "அவ இருந்தா பால்கோவா கேட்டிருப்பா" என்றார். "இனிப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்னப்பவும் கேட்டாங்களே" என்றேன். "அப்பத்தான் ஜாஸ்தி கேட்டா. சரி, அடுத்தது குடு."

ஓசூர் அவருக்குப் பிடிக்கவில்லை. "எல்லாம் கிளீனா கீது கிளார்க்கு. ஒரு கலீஜு இல்ல, ஒரு சண்ட இல்ல. லிப்ட்ல வர்றதுங்க எல்லாம் குட் மார்னிங் அங்கிள்னு சொல்லிட்டு செல்போனைப் பாக்குதுங்க. நாள் முழுக்க நான் வாயத் தொறக்கறது உங்கிட்டதான்." அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. எத்தனை பெட்டி மீதி என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அதனால்தான் நவம்பரில் கேமைத் திறந்ததும் வந்த அறிவிப்பை நான் மூன்று முறை படித்தேன். ஆடுபவர்கள் குறைந்துவிட்டார்களாம். மாதக் கடைசி நாள் பகல் பன்னிரண்டு மணியோடு கேமை நிறுத்துகிறார்கள். இருபத்து மூன்று நாள் இருந்தது.

போனில் பேசிக்கொள்ளக்கூடாதா என்று மனைவி கேட்டாள். அவளுக்குத் தெரியாது. அவர் ஓசூர் போன நான்கு வருஷத்தில் ஆறு முறை போனில் பேசியிருக்கிறோம். மிக நீளமானது ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு வினாடி. சாப்பிட்டாயா, மழையா, சுகர் எவ்வளவு, சரி வைக்கிறேன். போனில் சும்மா இருந்தால் லைன் போய்விட்டதோ என்று பயம் வந்துவிடுகிறது. எங்கள் பேச்சில் பாதி சும்மா இருப்பதுதான்.

வேறு கேமுக்கு அவரை மாற்றப் பார்த்தேன். லாரி கேமில் இரண்டு பேர் சேர்ந்து போகலாம். இரண்டு நாள் வந்தார். "நான் மேல குந்தி பாக்கறவன். என்னப் போயி ரோட்டுல வுட்ட பாரு" என்று நிறுத்திக்கொண்டார். கால்பந்து கேமில் என் கோல்கீப்பரைத் திட்ட ஆரம்பித்து என்னைத் திட்டுவதில் முடித்தார். செஸ்ஸில் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நாற்பது நிமிடம் கழித்து, "தூங்கிட்டியா?" என்று கேட்டார். மூன்றும் தோல்வி என்று நோட்டில் எழுதினேன். அந்த வாரம் எனக்குத் தூக்கம் சரியில்லை. அந்த மனிதர் ஓசூரில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் கண்ணில் நின்றது.

கடைசி நாள் அவர் இருபத்தைந்து நிமிடம் தாமதம். மகள் வங்கிக்கு அழைத்துப் போயிருந்தாளாம். நாற்பது பெட்டி உள்ள கப்பலை எடுத்தோம். அவர் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினார்.

"டிரைவரே, மணியப் பாருங்க. முடியாது."

"முடியாட்டி இன்னா? அவன் சம்பளத்தப் புடிச்சிக்குவானா?"

முப்பத்தேழாவது பெட்டி தொங்கும்போது நான் "ஆரியா" என்றேன். திரை கறுத்தது. மைக்கில் ஒரு கொரகொரப்பு. பிறகு அதுவும் இல்லை. பெட்டி இறங்கியதா என்று எனக்குத் தெரியாது. நோட்டில் முப்பத்தாறு என்று போட்டேன். அரை மணி கழித்து அதை அடித்து முப்பத்தேழு என்று போட்டேன். இருபத்தெட்டு வருஷ வேலையில் பார்க்காத பெட்டிக்கு நான் கோடு போட்டதில்லை.

மறுநாள் பத்தேகாலுக்கு நானே போன் செய்தேன்.

"சாப்டாச்சா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

"சரி கிளார்க்கு."

நாற்பத்தோரு வினாடி. அடுத்த நாள் முப்பத்தைந்து. மூன்றாம் நாள் அவர் எடுக்கவே இல்லை. நான் ஓசூருக்குப் பஸ் எத்தனை என்று விசாரிக்க ஆரம்பித்தேன். அங்கே போய் உட்கார்ந்தாலும் இருவரும் சுவரைத்தான் பார்ப்போம் என்று பட்டதும் விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் பதினொன்றுக்கு அவரிடமிருந்து போன். எடுத்த எடுப்பில் கத்தினார். "இவனுக்கு லைசன்சு குடுத்த பேமானி எவன்யா?"

"யாருக்கு?"

"எதிர்ல பில்டிங்கு கட்றான். கிரேன் நிறுத்திக்கீறான். கம்பிக் கட்ட எப்படித் தூக்குறான் தெரியுமா? ஊஞ்சல் ஆட்ற மாதிரி. யோவ், காத்து கீது, பாத்து! டேய்! பால்கனில இருந்து நான் கத்தறது அவனுக்குக் கேக்கல."

"எத்தனை கட்டு?"

"காலையில இருந்து எண்ணலியே. இரு, இதோ ஒண்ணு போது."

அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு எதுவும் தெரியவில்லை, ஆனால் கட்டு மேலே போய்க்கொண்டிருந்தது. போன் போய்விட்டதோ என்ற பயம் வரவில்லை.

"எறக்கிட்டான்" என்றார் கடைசியில். "கோணல்தான். பொண்ணு புதுசா மருந்து வாங்கியாந்திருக்கா, தூக்கம் வருது, அதான் அன்னிக்குப் போன எடுக்கல."

நான் கோடு போட்டேன். பன்னிரண்டு மணிக்குள் ஒன்பது கட்டு. ஐம்பத்து மூன்று நிமிடம் பேசியிருந்தோம்.

இப்போது தினமும் பத்தேகாலுக்குப் பால்கனியில் நாற்காலி போட்டுவிடுகிறார். எனக்குத்தான் நிம்மதி இல்லை. மொத்தம் பதினான்கு மாடி என்று போர்டில் இருக்கிறதாம். இப்போது ஆறாவது நடக்கிறது. மாதத்துக்கு ஒரு மாடி என்றால் எத்தனை நாள் ஓடும்? இரண்டு ஷிப்ட் வைத்து வேகமாகக் கட்டிவிட்டால் என்ன செய்வது? டிரைவரிடம் கேட்டால், "நீ கட்டடத்த முடிச்சி குடியே பூந்துட்டியா?" என்கிறார்.

நேற்று ஓசூரில் நல்ல மழை. கிரேன் வேலை செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் போன் செய்தேன் என்றார். சொல்லி முடிக்க இருபத்தொரு நிமிடம் ஆயிற்று.