வடக்கு மூலையில் மருந்து

மக்களே, நம் அரிசி மூட்டையில் மட்டும் ஏன் இன்னும் முத்திரை இல்லை என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

உரக்கடைப் பக்கமே போகாமல் இயற்கை விவசாயம் செய்து, அங்ககச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்த மூன்றாம் வருஷம் அது. கடைசி ஆய்வும் தேறினால் முத்திரை விழும். பூச்சிமருந்து பட்டது தெரிந்தால் மறுபடியும் முதல் வருஷத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆய்வாளர் வரும் அன்று விடிந்ததும் வயலுக்குப் போனேன்.

மழை மூட்டம். தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. வடக்கு மூலைக்குப் போனபோது சத்தம் நின்றது. என்னைக் கண்டுதான் அடங்கின என்று நினைத்து, அசையாமல் நின்றேன். முதுகுக்குப் பின்னால் கத்தல் கேட்டுக்கொண்டே இருந்தது. முன்னால் மட்டும் ஒன்றுமில்லை.

பயிர் பச்சையாய்த்தான் நின்றது. சிலந்தி வலைகள் பனித்துளியோடு தொங்கின. ஒன்றிலும் சிலந்தி இல்லை. தண்ணீரோரம் ஒரு தவளை கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. குச்சியால் தொட்டேன். தாவவில்லை, அப்படியே சாய்ந்தது.

"என்ன மக்கா, பேயடிச்ச மாதிரி நிக்க?" பக்கத்து வயல்காரர் வரப்பில் வந்தார்.

"இந்த மூலையில சத்தமே இல்ல அண்ணாச்சி."

"எப்படி இருக்கும்? நேத்து சாயங்காலம் என் வயலுக்கு மருந்து அடிச்சேன். பாத்தா, உன் பக்கமும் பூச்சி ஏறிட்டு கேட்டியா. காலையில சார் வாராரு, பயிரு சீக்கோட நிக்கக் கூடாதுல்லா? உனக்கும் சேத்து ஒரு டேங்கு அடிச்சு விட்டேன்."

"அண்ணாச்சி, அது விஷம்லா!"

"போடே! மருந்துல்லா அது?"

அவர் முகம் வாடிவிட்டது. இருமுகிற பிள்ளைக்கு ஊற்றிக் கொடுப்பதற்கும் அதே பெயர்தானே. நானும் அந்தச் சொல்லைச் சொல்லியே வளர்ந்தவன். கோபப்பட மனம் வரவில்லை.

ஆய்வாளர் வந்தார். தெற்கே மண்ணும் இலையும் எடுத்துப் பையைக் கட்டினார். "நல்ல பயிர்" என்றார். அவர் அந்தப் பையோடு போயிருந்தால் முத்திரை விழுந்திருக்கும். அண்ணாச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தவளையின் கண் எனக்கு மறக்கவில்லை. அந்த அரிசியைத்தானே நீங்களும் உண்பீர்கள்.

ஆய்வாளரை வடக்கு மூலைக்குக் கூட்டிப்போய், "சார், சும்மா நின்னு கேளுங்க" என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இன்னொரு பையை எடுத்து அங்கேயும் மண்ணையும் இலையையும் சேர்த்தார்.

முதல் வருஷம் மறுபடி தொடங்கியது.

இப்போதெல்லாம் அண்ணாச்சி டேங்கைத் தோளில் மாட்டுமுன் வரப்பில் நின்று கத்துகிறார்: "மக்கா, விஷம் அடிக்கப் போறேன்டே! மடையை அடைச்சுக்க!"

அவர் குரல் வடக்கு மூலையைத் தாண்டித்தான் என்னிடம் வருகிறது. அங்கே இன்னும் தவளை கத்தவில்லை.