சீகிரியாப் படியில் நான் போட்ட சத்தம்

அன்று காரில் இருந்தவர்கள் ஏழு பேர்: நான், அம்மா, தங்கச்சி, கலியாணத் தரகர், வெள்ளவத்தையிலிருந்து வந்த ஒரு தாய், அவருடைய மகன், டிறைவர். சீகிரியாவில் எட்டாவது ஆளாக ஒரு கைட் சேர்ந்துகொண்டார். டிறைவர் கீழே மரநிழலில் படுத்துவிட்டார். அவரைத் தவிர மற்ற எல்லாருடைய காதிலும் நான் போட்ட சத்தம் விழுந்தது.

இரண்டாம் உலக யுத்தம் வந்து பெற்றோலுக்குக் கட்டுப்பாடு போடுவதற்கு முந்திய வருஷம் அது. நாங்கள் கொழும்பில், கொட்டாஞ்சேனையில், வாடகை வீட்டில் இருந்தோம். எங்களைப் பெற்ற ஐயா செத்தபோது நான் ஏழாம் வகுப்பு. அதோடு படிப்பை விட்டு ஓர் இரும்புக் கடைக்கு வேலைக்குப் போனவன், அன்றுவரை அதே கடையில்தான் நின்றேன். தங்கச்சிக்கு இருபத்திநாலு வயது நடந்துகொண்டிருந்தது. தரகர் கொண்டுவந்த பெடியன் அரசாங்கக் கந்தோரில் கிளாக். ஒரு வீட்டுக்குப் போய்ப் பலகாரம் தின்றுவிட்டுப் பிறகு பெண் வேண்டாமென்று சொல்வது பாவம் என்பது அவன் தாயின் எண்ணம். அதனால் தரகர் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு குடும்பமும் ஒரு காரைப் பிடித்து அனுராதபுரம், சீகிரியா, கண்டி என்று ஊர் பார்க்கப் போவது. கார்க்கூலி நாற்பத்தைந்து ரூபா, ஆளுக்குப் பாதி.

பாதி என்பது பேச்சுக்கு. முழுக் கூலியையும் பெண்வீட்டார் முதலில் கட்டிவிடுவார்கள். பெண் பிடித்திருந்தால் மற்றப் பகுதியார் காசைப் பற்றி வாயே திறக்கமாட்டார்கள். பாதிக் காசு வீடு தேடி வந்தால் சம்பந்தம் சரிவராது என்று அர்த்தம். வேண்டாம் என்ற சொல்லை ஒருவரும் சொல்லத் தேவையில்லை.

"தம்பி, ரெண்டு நாளும் கலியாணம் எண்ட கதை வாயிலை வரப்படாது" என்றார் தரகர். "நாங்கள் ஊர் பாக்கப் போறம். அவ்வளவுதான்."

அவரிடமும் நாங்கள் ஒன்றை மறைத்திருந்தோம். தங்கச்சிக்குச் சின்ன வயதிலிருந்து தொய்வு. மூச்சு முட்டத் தொடங்கினால் தோள் இரண்டையும் தூக்கிக்கொண்டு யன்னல் கம்பியைப் பிடித்தபடி விடியும்வரை இருப்பாள். ஊமத்தை இலைத் தூளைச் சட்டியில் எரித்து அந்தப் புகையைக் கொடுப்போம். தொய்வு பரம்பரைக்கும் தொடரும் என்று எங்கள் சனம் அப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுக்காது. நாலு மாதமாக அவளுக்கு ஒன்றும் வரவில்லை. தாலி ஏறட்டும், பிறகு பார்ப்போம் என்றாள் அம்மா. அது பிழை என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன். ஆனால் அம்மாவுக்குச் சொல்லாமல், ஒரு மூக்குப்பொடி டப்பாவில் ஊமத்தைத் தூளை அடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் காரில் ஏறினேன்.

அனுராதபுரத்தில் எதைக் கண்டாய் என்று கேட்டால் தங்கச்சியின் தோள்மூட்டைக் கண்டேன் என்றுதான் சொல்லவேண்டும். பெரிய புத்த தாதுகோபம் ஒன்றில் பழைய செங்கல்லைத் தட்டித் திருத்திக்கொண்டிருந்தார்கள். அந்தத் தூசு அவள்பக்கம் போகாமல் நான் குறுக்கே குறுக்கே நடந்ததில் இரண்டு தடவை அந்தத் தாயின் காலை மிதித்துவிட்டேன். பெடியன் நல்லவன். வாசற்படிக் கல்லில் யானைகள் வரிசையாகச் செதுக்கியிருந்தன. அதைக் காட்டி, "எங்கடை கந்தோர் ஆக்கள் மாதிரி. ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டு, எத்தினை வருசமெண்டாலும் ஒண்டும் முன்னுக்குப் போகாது" என்றான். தங்கச்சி சிரித்துவிட்டாள். அந்தத் தாய் அதைக் கண்டும் காணாததுபோல் வேறுபக்கம் திரும்பினார். அன்று பின்னேரம் நாங்கள் தங்கின மடத்தில் தங்கச்சியைக் கூப்பிட்டு முன்னால் இருத்தி, தன் கையாலேயே தலை பின்னிவிட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். வந்த வேலை பாதி முடிந்தது என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். எனக்கு அதற்குப் பிறகுதான் பயம் கூடியது.

அடுத்த நாள் காலை சீகிரியா. கைட் சிங்களவர், கொஞ்சம் தமிழ் கதைப்பார். ஏறத் தொடங்குமுன்னே எல்லாரையும் நிறுத்தி, பாறையில் பெரிய பெரிய குளவிக்கூடு தொங்குவதைக் காட்டினார். சத்தம் போடக்கூடாது, சத்தம் கேட்டால் இறங்கி வந்து கொட்டும், போன மாதமும் ஆட்களைத் துரத்தினது என்றார். அதனால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு ஏறினோம். செங்கல்லில் கட்டின பெரிய சிங்கத்தின் பாதம் இரண்டும் இருக்கிற தட்டில் பெரியவர்கள் மூவரும் இருந்துவிட்டார்கள். அதற்கு மேலே பாறையோடு ஒட்டிய செங்குத்தான இரும்புப் படி. கைட் முன்னால், தங்கச்சி அடுத்தது, பிறகு பெடியன், கடைசியாக நான். கைட் திரும்பித் திரும்பி "ஹெமின், ஹெமின்", மெதுவாக, மெதுவாக என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு போனார். மூச்சு வாங்கியது பெடியனுக்கும் எனக்கும்தான். அவள் ஆட்டுக்குட்டி போல ஏறினாள்.

பாதியில் அவள் நின்றாள். ஒரு கை கம்பியில், மற்றக் கை நெஞ்சில். தோள் தூக்கியிருந்தது.

"பிள்ளை, மூச்சு முட்டுதோ? அசையாதை, மருந்து என்னட்டை இருக்கு."

குளவிக்குப் பயந்து மலையே வாயை மூடிக்கொண்டிருந்த நேரம். என் சத்தம் பாறையில் பட்டுச் சிங்கத்தின் காலடிவரைக்கும் போனது. நான் பெடியனைத் தள்ளிக்கொண்டு ஏறி, அந்தப் படியிலேயே டப்பாவைத் திறந்தேன்.

அவள் மெல்லத் திரும்பினாள். காற்றில் பறந்த சேலைத் தலைப்பைத்தான் நெஞ்சோடு பிடித்திருந்தாள். "எனக்கு ஒண்டுமில்லை, அண்ணா. காடு தெரியுது. பாத்துக்கொண்டு நிண்டனான்."

நான் மூச்சு வாங்கிக்கொண்டு டப்பாவோடு நின்றதைக் கைட் கண்டார். "மாத்தயாவுக்குத்தான் வருத்தம் போலை. நோனா நல்லா இருக்கு" என்று என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்.

ஓம், எனக்குத்தான் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கடவுள் அந்த மனுசனின் வாயில் கொண்டுவந்து வைத்துத் தந்த சொல் அது. நானோ, அவருக்கு விளங்கவில்லையே என்று பதறி, "இல்லை, இல்லை, இவவுக்குத்தான். சின்னனிலையிருந்து" என்றேன்.

பெடியன் டப்பாவுக்குள் பார்த்தான். "இது ஊமத்தை எல்லோ" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னான். "எங்கடை பெரியம்மா சாகுமட்டும் இதோடைதான் கிடந்தவ."

அதற்கு மேல் ஒருவரும் ஏறவில்லை.

இறங்கி வந்தபோது அந்தத் தாய் எழும்பி நின்றார். கார் தம்புள்ளையைத் தாண்டியது. பிறகு ஒரேயொரு கேள்வி, அம்மாவைப் பார்த்து, கோபமில்லாமல்: "பிள்ளைக்கு எத்தினை வயசிலையிருந்து?"

"ஆறு வயசு" என்றாள் அம்மா. பொய் சொல்ல அவளிடம் மிச்சமிருக்கவில்லை.

அந்தத் தாய் தலையசைத்தார். தனக்குத் தலையிடிக்கிறது என்று, கண்டிக்குப் போகாமல் நேரே கொழும்புக்கு விடச்சொல்லி டிறைவரிடம் கேட்டுக்கொண்டார். தரகர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவரிடமும் மறைத்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் தைத்திருக்கும். பின்சீற்றில் இரண்டு தாய்மாருக்கும் நடுவில் தங்கச்சி, அந்தத் தாய் பின்னிவிட்ட பின்னல் கலையாமல், இருந்தாள்.

எட்டாம் நாள் தரகர் கடைவாசலுக்கு வந்து இரண்டு பத்து ரூபாத் தாளை என் கையில் வைத்தார். மாற்றின காசு இல்லையாம், மிச்சம் பிறகு தருவார்களாம். வாங்காமல் விட்டிருந்தால் கேள்வி திறந்தே இருந்திருக்குமோ என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்தேன். அந்த நேரத்தில் கை நீண்டுவிட்டது.

கதை வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம்வரை போனது. பிறகு ஒரு தரகரும் எங்கள் படி ஏறவில்லை. அம்மா அந்தக் கவலையோடேயே போய்ச் சேர்ந்தாள். தங்கச்சி என்னோடுதான் இருக்கிறாள். மாரி காலத்தில் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். என்னை அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஒருதரம் மட்டும், தூளை எரித்துக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தபோது, "மேலை என்ன இருந்திருக்கும், அண்ணா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. நானும் பார்க்கவில்லையே.

பெடியன் மறு வருஷமே வேறு இடத்தில் முடித்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகும்கூட, கணக்கு முழுதாகத் தீரவில்லைத்தானே, தீராதமட்டும் வேண்டாமென்று சொன்னதாகாதே என்று விசரன் மாதிரி எனக்குள்ளே சொல்லிக்கொண்டிருந்தேன். மிச்சத்தை நான் ஒருநாளும் கேட்கவில்லை. அவர்களும் அனுப்பவில்லை. இன்னும் வரவேண்டியது இரண்டு ரூபா ஐம்பது சதம்.