எண் இல்லாத செய்தி

எங்கள் வீட்டில் பத்திரிகை என்றால் அது ஒன்றுதான், என் கணவர் நடத்திய பெண்கள் மாத இதழ். காந்தி மார்க்கெட் பக்கத்து அச்சகத்திலிருந்து கட்டுக் கட்டாக ஸ்ரீரங்கத்துக்கு வரும். தாள் சுற்றி, முகவரிச் சீட்டு ஒட்டி, தபாலாபீசில் சேர்ப்பது என் வேலை. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் முசிறிக் கட்டையும் மண்ணச்சநல்லூர்க் கட்டையும் ஒருநாளும் மாற்றிப் போட்டதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு, இன்றைக்கும்.

அவர் போன பிறகு அச்சடிப்பது நின்றது. துவாக்குடியில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் என் மகன், சென்னையில் ஒரு கம்பெனியைப் பிடித்து, பத்திரிகையைச் செல்போன் ஆப்பாக மாற்றினான். அவர் காலத்திலிருந்தே பத்திரிகை என் பெயரில்தான் பதிவாகியிருந்தது. அதனால் ஆப்புக்கும் உரிமையாளர் நான்தான். அது சம்பந்தமாக எது வந்தாலும் என் போனுக்கே வரும்.

ஆப் என்பது ஒருமுறை வாங்கி வைத்தால் போதும் என்கிற பாத்திரம் இல்லை. போன் கம்பெனிக்காரர்கள் எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் மாற்றினால் நாமும் மாற்ற வேண்டும். அதற்கு அப்டேட் என்று பெயர். அப்டேட் நாளில் என் போனுக்கு ஆறு எண் வரும். மகன் கூப்பிட்டதும் வாசிக்க வேண்டும். எண் வாசிக்க எனக்கு நன்றாக வரும். காலையிலேயே குளித்துவிட்டு, போனுக்குச் சார்ஜ் போட்டு, கண்ணாடியோடு காத்திருப்பேன். "நாலு, நாலு, ஒம்பது" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வேன். நான் சொன்னால்தான் பத்திரிகை நகரும்.

பத்திரிகையை எழுதி நிரப்பியவள் என் நாத்தனார். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்துவிட்டாள். தெருவே அவளை டீச்சரம்மா என்னும். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன், கொஞ்சம் குத்தலாக.

"என்ன டீச்சரம்மா, ஒரே அடித்தலும் திருத்தலுமா இருக்கு? பிள்ளைங்க நோட்டா இருந்தா முட்டை போட்டிருப்பீங்க."

"ஆறு நம்பர் படிக்க மூணு தடவை கண்ணாடியைத் துடைக்கிறீங்களே அண்ணி, அதுக்கு என்ன மார்க் போடறது?"

அவள் ஒரு தொடர்கதை எழுதிவந்தாள். கை நடுங்கும். ஓர் அத்தியாயம் முடிக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். இதழ் வெளியான மறுநாள் காலை, ஆப்பில் வாசகர்கள் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டுவாள். லால்குடியிலிருந்து ஒருத்தி, சிங்கப்பூரிலிருந்து ஒருத்தி, அழுதேன் என்று எழுதியிருப்பார்கள். எங்கள் இருவர் காபியும் ஆறிப்போகும். அந்த ஒரு காலைக்காகத்தான் அவள் மாதம் முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டு எழுதினாள்.

போன வருஷம் கோடையில் எனக்கு ஒரு செய்தி வந்தது. முழுக்க இங்கிலீஷ். கீழே நீலத்தில் ஒரு பொத்தான். தள்ளித் தள்ளிப் பார்த்தேன், ஆறு எண்ணைக் காணவில்லை. எண் இல்லாவிட்டால் நம் வேலை இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். "ஆப் பத்தி எது வந்தாலும் எனக்கு ஃபார்வர்ட் பண்ணிடுங்கம்மா" என்று மகன் சொல்லித்தான் இருந்தான். சரி என்றேனே தவிர, அது எப்படி என்று தெரியாததை அவனிடம் சொல்லவில்லை.

எதிரில் டீச்சரம்மா எழுதிக்கொண்டிருந்தாள். கையை நீட்டினால் போதும்.

"என்ன அண்ணி, ரொம்ப நேரமா பாக்கறீங்க?"

"விளம்பரம். புடவைக் கடை."

"இங்கிலீஷ்லயா?"

"இப்பல்லாம் இங்கிலீஷ்லதான் புடவை விக்கிறாங்க. நீங்க எழுதுங்க."

பிறகு இன்னும் இரண்டு வந்தன. அவையும் புடவைக் கடைதான் என்றேன்.

ஆடி மாத இதழுக்கு ஒரே ஒருத்திதான் எழுதினாள். ஆவணிக்கு யாருமே இல்லை. டீச்சரம்மாவின் பழைய போனில் இதழ் ஒழுங்காகத் திறந்ததால் அவளுக்கு வேறு சந்தேகம் வரவில்லை.

"கதையை இழுத்துட்டேன் அண்ணி. ஜனங்களுக்குச் சலிச்சுப்போச்சு" என்றாள். அடுத்த அத்தியாயத்தை எழுதிக் கிழித்தாள். மறுபடி எழுதினாள், மறுபடி கிழித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது மகன் வந்தான். என் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"போன் கம்பெனிக்காரங்க மூணு தடவை கேட்டிருக்காங்கம்மா. புது அப்டேட்டை ஏத்தணும்னா உரிமையாளர் நீங்கதான்னு உறுதி சொல்லணும். இந்த நீலப் பொத்தானை அமுக்கியிருந்தா போதும். கெடு தாண்டினதும் நம்ம கணக்கை மூடிட்டாங்க. பழைய ஆப், போனைப் புதுப்பிச்சவங்க யாருக்கும் திறக்காது."

"இப்ப அமுக்கறேன்."

"இப்ப அமுக்கினா ஒண்ணும் ஆகாது. வேற புதுசா ஆரம்பிக்கலாம். ஆனா ஆப்ல படிச்சவங்களுக்கு எப்படித் தகவல் சொல்றது? யார் விலாசமும் நம்மகிட்ட இல்ல."

அத்தையிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று அவனை அனுப்பினேன். பதினொரு நாள் சொல்லவில்லை. அவள் கிழித்த தாள்களைப் பெருக்கிக் கொட்டினேன், சொல்லவில்லை. படிக்கத் தெரியாமல் கெடுத்தேன் என்று அவளிடம், அவளிடம் போய், எப்படிச் சொல்வது?

பன்னிரண்டாம் நாள் அவள் பேனாவை மூடிவிட்டு, "நிறுத்திடலாம்னு பாக்கறேன் அண்ணி. எனக்கு எழுத வரல, அவ்வளவுதான்" என்றாள். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், புடவைக் கடை உட்பட.

அவள் போனைக் கேட்டாள். முதல் செய்தியை இங்கிலீஷில் படித்தாள். பிறகு தமிழில், வரி வரியாக, இரண்டாம் வகுப்புக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"இவ்வளவுதான் அண்ணி. ஒரு நிமிஷம்கூட ஆகல."

"அப்ப அவங்களுக்குக் கதை பிடிக்காமப் போகல" என்றேன்.

"இருக்கலாம். இனிமே யாரைப் போய்க் கேக்கறது?"

அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை. மகன் புது ஆப் பற்றி இரண்டு முறை பேச்செடுத்தான். "பாக்கலாம்ப்பா" என்பாள். ஆனால் என் போன் சத்தம் கேட்டால், எங்கிருந்தாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வருவாள். கேஸ் சிலிண்டர், பாங்க், புடவைக் கடை, எதுவானாலும் முதல் எழுத்திலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் போவாள். வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. தலையைக் குனிந்து முழுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.