யானைமரத்தின் வாசனை

ஒடித்த குச்சியிலிருந்து எழுந்தது பூசை நேரத்துச் சாம்பிராணி வாசனை. ஆனால் அங்கே கோயிலும் இல்லை, ஊரும் இல்லை, கண்ணுக்கெட்டிய மட்டும் கள்ளியும் சரளைக்கல்லும்தான். "ஏட்டி, மோந்து பாரு" என்று அம்மா என் மூக்கருகே நீட்டினாள். "சர்ச் மாதிரி ஸ்மெல் பண்ணுதும்மா" என்றேன்.

எண்பதுகளில், சான் ஹோசேயிலிருந்து இரண்டு நாள் காரோட்டி, மெக்சிகோ எல்லை தாண்டி அந்தப் பாலைத் தீபகற்பத்துக்குப் போயிருந்தோம். பாளையங்கோட்டைக் கல்லூரியில் தாவரவியல் நடத்திய அம்மா, அமெரிக்காவில் வேலைக்குப் போக முடியாத விசாவில் வருஷக்கணக்காய் வீட்டோடு இருந்தவள். அந்த நிலத்தைப் பற்றிய ஒரே நூலகப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப "ரினியூ" செய்து படித்தவள். இருபுறமும் கடல் சூழ, பல லட்சம் ஆண்டுகள் தனித்துக் கிடந்ததால் அங்கே உயிர்கள் தம் போக்கில் மாறிப்போயின என்பாள்: தலைகீழாய் நட்ட முள்ளங்கி போன்ற மரம், பக்கத்துத் தீவில் வாலின் கிலுகிலுப்பையைத் தொலைத்துவிட்ட பாம்பு, எப்போதோ பெய்த மழையை அடிமரத்தில் வைத்துக்கொண்டு வீங்கி நிற்கும் இந்த யானைமரம்.

குச்சியை அவள் பழைய தமிழ் வாரப் பத்திரிகைத் தாளில் வைத்து மடித்தபோது அப்பா பதறினார். "கிரீன் கார்டு வந்து மூணு மாசம்தான் ஆகுது. பார்டர்ல மாட்டினா?"

"திருடலைங்க, ஸ்பெசிமன் எடுக்கேன்."

"அவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

திரும்பும்போது எல்லையில், செடி, பழம் ஏதாவது உண்டா என்ற கேள்விக்கு அப்பா "நோ" என்றார். அதிகாரி டிக்கியைத் திறந்ததும் முதலில் அகப்பட்டது கறிவேப்பிலை. வழியில் தாளிக்க, அம்மாவின் தோழி வீட்டுத் தொட்டியில் பறித்து, மெக்சிகோவுக்குப் போய்த் திரும்பிய ஒரு கொத்து. அது செடிக் கணக்கில் வரும் என்று எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. வேறு என்ன இருக்கிறது என்றார் அவர். கேட்காமலேயே அப்பா கிரீன் கார்டுகளை எடுத்து நீட்டினார். அம்மா அதைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். மரத்தின் பெயர், அதன் தாவரக் குடும்பம், நம் ஊரில் அதற்கு உறவான குங்கிலிய மரம் என்று ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. அதிகாரி குச்சியையும் கறிவேப்பிலையையும் எடுத்துக்கொண்டு, தாளைத் திருப்பிக் கொடுத்து, போகச் சொன்னார்.

வழியில் ஓய்விடத்தில் புளிச்சோற்றைத் திறந்தோம். "கை கழுவிட்டு வா" என்றார் அப்பா. அம்மா விரலை முகர்ந்து பார்த்தாள், மரத்தின் பிசின் இன்னும் ஒட்டியிருந்தது. "ஸ்பூன் இருந்தா குடுங்க" என்றாள், வாழ்நாளில் ஸ்பூனால் சோறு தின்னாதவள்.

அந்த நூலகம் இப்போது கார் நிறுத்துமிடம். கறிவேப்பிலை எல்லா இந்தியக் கடையிலும் கிடைக்கிறது. தாள் மட்டும் என்னிடம் இருக்கிறது, வாசனை போய்விட்ட ஒரு பழுப்புக் கறையோடு. எண்பதைத் தொடும் அம்மாவிடம் அந்த மரத்தைக் கேட்டால் உடனே பெயர் வராது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்து முகர்வாள். பிறகு சொல்லிவிடுவாள், குடும்பப் பெயரோடு.